ஒளிவட்டம் நசுங்கிய தேவதை

அத்தியாயம் 9

"திருடியைப் பிடிச்சாச்சு. அப்புறம் ஏன் அக்கா இழவு வீட்டுக்குப் போற மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டான் தெமியோங்.

தோரிங் அவனுடைய ட்ரைசைக்கிளில், மோட்டார் பைக்கோடு ஒட்டிய பக்கத்தொட்டியில் உட்கார்ந்து, ஒரு பென் டிரைவை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. லிபா நகரில் ஒரு வங்கியில் இருபத்தேழு வருடம் கையெழுத்து சரிபார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவளை விடவில்லை. காணாமல்போன மோதிரம், மொட்டைக் கடிதம், பொய்ப் பத்திரம் என்று எதற்கும் அவள் வாசலில்தான் வந்து நின்றார்கள். அவள் பொய் என்றால் அது பொய்தான், மேல்முறையீடு கிடையாது. தெமியோங் அவளுக்கு வண்டியோட்டி, எடுபிடி, துணைத் துப்பறிவாளன் எல்லாம். கேட்காமலே கருத்துச் சொல்வது அவனாக எடுத்துக்கொண்ட உத்தியோகம்.

"கையெழுத்து விஷயத்துல ரெண்டாந்தடவை பார்க்காம நான் எதையும் மேல அனுப்பினதில்ல" என்றாள். "இதை ஒரு தடவைதான் பார்த்திருக்கேன்."

உண்மையில் அந்த ஒரு தடவையே அவளுக்குக் கசந்து கிடந்தது. அன்று காலையில்தான் அது நடந்தது. அவள் ஞானத்தாயாக நின்று கல்யாணம் செய்துவைத்த மின்யாங், விடிந்ததும் விடியாததுமாக வந்து கதறினாள். மெஷினில் காகிதம் வெட்டுவதற்காக அவள் கம்ப்யூட்டரில் போடும் படங்கள் எல்லாம் மணிலாச் சந்தையில் யார் யாரோ பெயரில் விற்கிறதாம். இந்த ஊரில் வெட்டும் மெஷின் வைத்துப் பிழைக்கிற நாற்பது பெண்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கத்தில் 'நம்மிலேயே ஒருத்தி விற்கிறாள்' என்று பேச்சு கிளம்பிவிட்டது. அந்த ஒருத்தி பாசிதாதான் என்று மின்யாங் அடித்துச் சொன்னாள்.

பாசிதா வேறு யாருமில்லை, மின்யாங்கின் கூட்டாளி. ஒன்பது வருடமாக மின்யாங் வரைகிறாள், பாசிதா வெட்டுகிறாள். பாசிதாவின் மகள் டின்டினுக்கு ஞானத்தாயும் மின்யாங்தான். அதனால் இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'குமாரே' என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளையின் தாயும் ஞானத்தாயும் ஒருவருக்கொருவர் அப்படித்தான். இரத்த உறவுக்கு அடுத்த படி அது, சில வீடுகளில் முந்தின படி.

தோரிங் பாசிதாவின் வீட்டுக்குப் போனாள். பாசிதாவின் பையை வாங்கி, அண்டை அசல் பார்க்க, ஒன்பது வயது டின்டின் பள்ளிச் சீருடையில் நின்று பார்க்க, மேசைமேல் கொட்டினாள். காகிதச் சுருள்களுக்கு நடுவே இந்தப் பென் டிரைவ் வந்து விழுந்தது. பாசிதா, "இது என்னுதில்ல" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். பிறகு பேசவில்லை. பிடிபட்டவர்கள் பேசமாட்டார்கள் என்று தோரிங் நினைத்துக்கொண்டாள்.

நாளை காலை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். பாசிதாவின் பெயரை அடித்துவிட்டால் இந்த ஊரில் ஒருவரும் அவளிடம் வெட்டுவேலை தரமாட்டார்கள். புருஷன் போய்ச் சேர்ந்த வீட்டில் அந்த ஒரு மெஷின்தான் சோறு போடுகிறது. சங்கத்து விதியின்படி, துரோகம் செய்த கூட்டாளிக்குப் படங்களில் பாத்தியதை கிடையாது. அதுவரை போட்ட படங்கள் அத்தனையும் மற்றவளுக்கே போய்விடும்.

"வண்டியைச் சந்தைப் பக்கம் விடு" என்றாள் தோரிங். "புது மெஷின் வெச்சிருக்கிற கடையில போய் இதுல என்னதான் இருக்குன்னு பார்ப்போம்."

தெமியோங் வழியில் ஒரு கோப்பை தாஹோ வாங்கிக்கொண்டான். வெல்லப்பாகு ஊற்றிய இளம் சோயாத் தயிர் உள்ளே போனால்தான் அவனுக்கு மூளை வேலை செய்யுமாம். இத்தனை வருடத்தில் எத்தனையோ கோப்பை போயிருக்கிறது, வேலை செய்ததைத் தோரிங் பார்த்ததில்லை.

கடைக்காரர் பென் டிரைவைத் திறந்தார். பன்னிரண்டு படங்கள் இருந்தன. ஞானஸ்நானத் தேவதை, பதினெட்டாம் பிறந்தநாள் கிரீடம், கேக்கில் செருகும் பூச்சரம், இப்படி. முதல் தேவதையைப் பெரிதாக்கிப் பார்த்ததும் அவர் உச்சுக்கொட்டினார்.

"இது மின்யாங் கை. சத்தியம் பண்ணுவேன்."

எப்படி என்று தோரிங் கேட்டாள். அவர் சொன்னது அவளுக்குக் கையெழுத்துப் பாடம் மாதிரியே இருந்தது. எந்தப் புகைப்படமும் கம்ப்யூட்டருக்குள் வெறும் புள்ளிக் கூட்டம்தான். வெட்டும் கத்திக்குப் புள்ளி புரியாது, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று ஒரு கோடு வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டரே புள்ளியைக் கோடாக்கித் தரும். ஆனால் அதற்கு நிதானம் தெரியாது, ஒரு கன்னத்துக்கு நூறு இடத்தில் வளைத்து வைக்கும். கத்தி அந்த நூறு இடத்திலும் தயங்கித் தயங்கிக் காகிதத்தைப் பிசிறாக்கும். மின்யாங் படத்தைக் கீழே வைத்து, மேலே கையாலேயே கோடு இழுப்பவள். ஒரு கன்னத்துக்கு மூன்றே வளைவுதான். ஒரு ஒளிவட்டத்துக்கு நாலு.

"அதனாலதான் இவ படத்துக்கு மணிலாவுல அடிதடி" என்றார் கடைக்காரர்.

தோரிங் தேவதையைத் தங்க அட்டையில் ஒன்று வெட்டித் தரச் சொன்னாள். நாளைக்குக் கூட்டத்தில் சான்றாகக் காட்ட வேண்டும். இரண்டே நிமிடத்தில் தேவதை வெளியே வந்தது. தலைக்குமேல் தனி வளையமாக ஒளிவட்டம். தெமியோங் அந்த வளையத்தைப் பிய்த்தெடுத்துத் தன் தாஹோ கோப்பையின் மூடிமேல் வைத்தான். விளிம்போடு விளிம்பாக அப்படியே உட்கார்ந்தது.

"பாருங்க அக்கா, என் தாஹோ சொர்க்கத்துக்குப் போயிடுச்சு. நான்தான் இன்னும் இங்க இருக்கேன்."

"சான்றைச் சாப்பாட்டுமேல வைக்காதே" என்று சொல்லித் தோரிங் வளையத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவளுக்கு இன்னொன்றும் வேண்டியிருந்தது. இதே தேவதையைப் பாசிதாவின் மெஷினிலும் வெட்டி, இரண்டும் ஒன்றுதான் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. முடிந்துபோன வழக்குக்கு ஒரு முத்திரை, அவ்வளவுதான். மனம் கொஞ்சம் லேசானது. மின்யாங்குக்கு நியாயம் செய்துவிட்டோம் என்ற நிறைவுகூட வந்தது. அதை நினைத்துப் பின்னால் அவள் ரொம்பவே வெட்கப்பட்டாள்.

பாசிதா கதவைத் திறந்து, ஒதுங்கி நின்றாள். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. டின்டின் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. மேசைமேல் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்கான அதே தேவதைகள் இருபது, வெட்டிச் சாயம் பூசி முடித்து வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நாளைக்கு வெளியே துரத்தப்படப்போகிறவள் இன்றைக்கு வாங்கிய வேலையை முடித்து வைத்திருந்தாள்.

தோரிங் விஷயத்தைச் சொன்னதும், பாசிதா லேப்டாப்பின் பக்கம் கை நீட்டினாள்.

"நீ தொடாதே" என்றாள் தோரிங். "நானே பண்றேன். எதை அழுத்தணும்னு மட்டும் சொல்லு."

பாசிதா கையை இழுத்துக்கொண்டாள். அவள் சொன்னபடி தோரிங் பென் டிரைவைச் செருகினாள், தேவதையைத் திறந்தாள், அட்டை நகராமல் பிடிக்கும் ஒட்டுப்பாயில் அதைப் பரப்பினாள், பொத்தானை அழுத்தினாள். பழைய மெஷின் முனகிக்கொண்டே வெட்டியது. தெமியோங் மறுபடியும் வளையத்தை எடுத்துக் காலிக் கோப்பையின் மூடிமேல் வைத்தான்.

அது உட்காரவில்லை. ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டது, இன்னொரு பக்கம் உள்ளே வழுக்கிவிட்டது.

"அக்கா, இந்தத் தேவதை தலையில எவனோ உட்கார்ந்துட்டான்."

தோரிங் வாங்கிப் பார்த்தாள். ஒளிவட்டம் நசுங்கியிருந்தது. அகலத்துக்கு இருந்த அளவு உயரத்துக்கு இல்லை, மூன்று நான்கு மில்லிமீட்டர் குறைந்தது. சட்டென்று மேசையில் காய்ந்த இருபது தேவதைகளில் ஒன்றின் வளையத்தை எடுத்து மூடிமேல் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. இன்னொன்று, அதுவும் உட்கார்ந்தது.

"இதெல்லாம் இந்த மெஷின்ல வெட்டினதுதானே?" என்று கேட்டாள்.

"வேற மெஷினுக்கு எங்க போவேன்?" என்றாள் பாசிதா. "நீங்க இழுக்காம வெட்டிட்டீங்க. இழுக்காம விட்டா அப்படித்தான் வரும்."

"எதை இழுக்காம?"

பாசிதா அலுப்போடு சொன்னாள். மெஷினில் காகிதத்தைத் தள்ளுகிற உருளை தேய்ந்து மெலிந்துவிட்டது. ஒரு சுற்றுக்குத் தள்ளவேண்டிய அளவு தள்ளுவதில்லை. எந்தப் படமும் உயரத்தில் கொஞ்சம் குட்டையாகத்தான் விழும். அந்த உருளை இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. அதனால் படம் வந்ததும் முதல் வேலையாக அவள் அதை நூறுக்கு நாலு உயரமாக இழுத்து, அதன்மேலேயே சேமித்துவிடுவாள். இழுத்த படம் திரையில் நெட்டையாக இருக்கும், காகிதத்தில் நேராக விழும்.

"எவ்வளவு நாளா?"

"அஞ்சு வருஷம். முதல்ல நூறுக்கு ஒண்ணு இழுத்தாப் போதும். இப்ப நாலு."

"இழுக்காத படம் ஏதாவது இதுல இருக்கா?"

"எதுக்கு வெச்சுக்கணும்? தப்பா வெட்டித் தொலைக்கவா?"

தோரிங் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். ஒவ்வொன்றாகத் திறந்தாள். தேவதை, கிரீடம், பூச்சரம். பென் டிரைவில் இருந்த பன்னிரண்டும் இங்கேயும் இருந்தன. இங்கே பன்னிரண்டும் திரையில் ஒட்டகம் மாதிரி நெட்டையாக நின்றன. பென் டிரைவில் இருந்தவை வட்டம் வட்டமாக, அழகாக, குறையே இல்லாமல் இருந்தன. குறை இல்லாததுதான் குறை.

தெமியோங்கை வாசலுக்குக் கூட்டிப்போய், பென் டிரைவில் இருப்பவை இந்த லேப்டாப்பிலிருந்து எடுத்தவையே இல்லை என்று தணிந்த குரலில் சொன்னாள்.

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "திருடி வித்தவ, விக்கறதுக்கு முன்னாடி மறுபடி அமுக்கி வட்டமாக்கியிருக்கலாம்ல?"

"அமுக்கியிருந்தா, இழுத்த படம் தன்னைக் காட்டிக்கொடுக்கும்னு தெரிஞ்சுதானே அமுக்கியிருப்பா. தெரிஞ்சவ இப்ப நம்மகிட்ட வாயைத் திறந்து இழுத்த கதையைச் சொல்லுவாளா? மெஷின் கெட்டுப்போச்சுன்னு போயிட்டே இருக்கமாட்டாளா?"

தெமியோங் யோசித்தான். தாஹோ ஒருவழியாக வேலை செய்தது போலிருந்தது. "அப்போ இது இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே எடுத்த படம்."

"ஆமா. படம் இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரே இடத்துலதான் இருக்கு."

அந்த ஒரே இடத்தைப் பற்றி இன்று காலை அழுகைக்கு நடுவே மின்யாங் தானாகவே சொல்லியிருந்தாள். தன் கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் உண்டு, கட்டின புருஷனுக்குக்கூடத் தெரியாது, இணையத்தில் அனுப்பினால் யாராவது பறித்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு படத்தையும் தானே நேரில் கொண்டுபோய்ப் பாசிதாவின் லேப்டாப்பில் ஏற்றுகிறாள், ஆகவே வேறு யாருமே எடுத்திருக்க முடியாது. பாசிதாவுக்கு ஒரு சந்துகூட விடக்கூடாது என்று ஊரில் உள்ள எல்லாக் கதவையும் அடைத்தாள். அடைத்த வீட்டுக்குள் தானும் இருப்பதை மறந்துவிட்டாள்.

"போய்க் கூட்டிட்டு வா" என்றாள் தோரிங். "வழியில வாயைத் திறக்காதே. உன்னால முடிஞ்சா."

மின்யாங் சிரித்த முகமாக வந்தாள். துணிக்கடைப் பொம்மை மாதிரி முடியெல்லாம் வாரி, உதட்டுச்சாயம் போட்டிருந்தாள். காலையில் அழுது வீங்கியிருந்த கண்களைத் தோரிங் தேடினாள், கிடைக்கவில்லை. பாசிதாவைப் பார்த்ததும் மட்டும் முகத்தைச் சோகமாக மாற்றிக்கொண்டு, "குமாரே, இப்பவாவது ஒத்துக்கிட்டியா?" என்று கேட்டாள்.

தோரிங் மின்யாங்கின் கையில் பென் டிரைவைக் கொடுத்தாள்.

"நாளைக்குக் கூட்டத்துல கேப்பாங்க, அதனால ஒரு தடவை தெளிவாச் சொல்லிடு. இதுல இருக்கிறது பாசிதா லேப்டாப்புல இருந்து எடுத்ததுதானா?"

"ஆமா நினாங். அப்படியே எடுத்து வெச்சிருக்கா." ஞானத்தாயை அவள் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள், குரலில் சர்க்கரை தடவி.

"உன் கம்ப்யூட்டர்ல இருந்து போயிருக்க வழியே இல்லையா?"

"நான்தான் சொன்னேனே. அதை என்னைத் தவிர யாரும் தொடமுடியாது."

"சரி. இந்த மெஷின்ல ஒரு தேவதையை வெட்டு."

மின்யாங் வெட்டினாள். ஒளிவட்டத்தைத் தோரிங் மூடிமேல் வைத்தாள். அது வழுக்கிக்கொண்டு உள்ளே விழுந்தது. மின்யாங் புருவத்தைச் சுருக்கினாள்.

"மெஷின் கெட்டுப்போச்சே. எப்ப இருந்து?"

அந்தக் கேள்வி போதும். ஒன்பது வருடக் கூட்டாளிக்கு ஐந்து வருடமாகக் கெட்ட மெஷின் தெரியவில்லை. அவள் பார்த்ததெல்லாம் முடிந்த தேவதைகள், முடிந்த கிரீடங்கள். நடுவில் ஒருத்தி என்ன பாடுபடுகிறாள் என்று வெட்டும் நேரத்தில் நின்று பார்த்ததே இல்லை. தோரிங் நீட்டி முழக்கி விளக்கவில்லை. லேப்டாப்பைத் திருப்பி நெட்டைத் தேவதையைக் காட்டினாள். பக்கத்திலேயே பென் டிரைவின் வட்டத் தேவதையைத் திறந்தாள். பாசிதா படங்களை இழுத்து வெட்டும் கதையைத் தானே நாலே வாக்கியத்தில் சொன்னாள்.

மின்யாங் கெட்டிக்காரி. மூன்றாவது வாக்கியத்திலேயே புரிந்துகொண்டாள். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

பிறகு எல்லாம் தானாகவே வந்தது. மணிலாவில் விருந்துப் பொருள் விற்கும் ஒரு பெரிய கடை அவள் படங்கள் முழுவதையும் கேட்டது. எல்லாம் ஒரே பெயரில் இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்களாம். கூட்டாளியிடம் கேட்டால் மாட்டேன் என்பாள் என்று தானே முடிவுசெய்துகொண்டாள். அதற்குள் பொறுமையில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக விற்கவும் தொடங்கிவிட்டாள். சங்கம் மோப்பம் பிடித்தபோது அவளுக்கு ஒரு திருடி தேவைப்பட்டாள். நேற்று மாலை காபி குடிக்க வந்தவள்தான் பென் டிரைவைப் பாசிதாவின் பையில் போட்டுவிட்டுப் போனாள். போகும்போது டின்டினுக்கு முத்தமும் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

"என்னை ஏன் கூப்பிட்டே?" என்று தோரிங் கேட்டாள். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள், வாய் கேட்டுவிட்டது.

மின்யாங் தரையைப் பார்த்தாள். "நீங்க சொன்னா யாரும் மறுபேச்சு பேசமாட்டாங்க நினாங்."

இருபத்தேழு வருடம் யாருடைய பொய்க் கையெழுத்தையும் உள்ளே விடாதவள், தன் பெயரையே ஒருத்தி பொய்க்குக் கீழே கையெழுத்தாகப் போடக் கொடுத்திருக்கிறாள். கல்யாணத்தன்று இவளுக்குத் தலையில் முக்காடு போட்டுவிட்டது ஞாபகம் வந்தது. அந்தக் கையை என்ன செய்வது என்று தோரிங்குக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் பாசிதா பேசினாள். கோபமே இல்லாமல், ஏதோ வேலை விஷயம் பேசுவது போலப் பேசினாள். "உருளை தேய்ஞ்சது தெரிஞ்சா நீ வருத்தப்படுவேன்னு சொல்லல குமாரே. நீ போட்ட கோடு என் மெஷினால கெட்டுப்போச்சுன்னு யாரும் சொல்லக்கூடாது. அதனாலதான் ஒவ்வொண்ணையும் இழுத்தேன்."

மின்யாங் தலையை நிமிர்த்தினாள். அவள் கண்ணில் இப்போது உண்மையாகவே நீர் நின்றது.

"சொல்லியிருக்கலாமே" என்றாள். "சொல்லியிருந்தா நானும் பென் டிரைவுல இழுத்தே போட்டிருப்பேனே."

அவள் எதற்காக அழுகிறாள் என்பது அந்த அறையில் இருந்த மற்ற மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

மின்யாங் எழுந்து நடந்தாள். கதவு வரை போனதும் திரும்பி, டின்டினின் முகத்துக்காகவாவது கூட்டத்தில் சொல்லாமல் விடக்கூடாதா என்று கேட்டாள். அந்தப் பிள்ளை காலையில் நின்று பார்த்த இடத்தைப் பாசிதா கையால் காட்டினாள். மின்யாங் வண்டிக்கு நிற்காமல் நடந்தே போய்விட்டாள்.

தோரிங் பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். வழக்கு முடிந்தது. இந்த இடத்தில் அவளுக்கு எப்போதும் ஒரு மிதப்பு வரும், தெமியோங் அதைக் கிண்டல் செய்வான். இன்று அது வரவில்லை. அவள் பாசிதாவின் பக்கம் திரும்பி, நாளைக்குக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து எல்லாவற்றையும் தானே சொல்வதாகச் சொன்னாள். ஒருத்தர் விடாமல் எல்லோர் முன்னாலும் உன் பெயரைத் துடைத்துக் கொடுப்பேன் என்றாள்.

பாசிதா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "காலையில என் பையைத் தலைகீழாக் கொட்டினது அவ இல்லம்மா" என்றாள். "நீங்க."

தோரிங் பதில் தேடவில்லை. "ஆமா. நான்தான்."

"அவ எதுக்குப் பண்ணினான்னு எனக்குப் புரியுது. ஆசை. நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்பக்கூட என்னை என் மெஷினைத் தொடவிடல."

"கேக்கல. விடல. தப்புதான்."

"என் பொண்ணு பார்த்துட்டு நின்னா."

"அதையும் நாளைக்குச் சொல்றேன்" என்றாள் தோரிங். "ஒன்பது மணிக்குத் தெமியோங் வண்டியோட வாசல்ல நிப்பான். உன்னையும் பிள்ளையையும் ஊர் பார்க்க நானே கூட்டிட்டுப் போறேன்."

பாசிதா மேசையில் காய்ந்த தேவதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். இருபதையும் அடுக்கி, மூடியை அழுத்தி மூடும் வரை அவள் நிமிரவில்லை.

"கூட்டத்துக்கு வரேன்மா" என்றாள். "உங்க வண்டியில வரமாட்டேன்."